தேயிலைத் தோட்டத்தில் ஊழல் செய்தி ஏன் சூடு பிடிப்பதில்லை?

ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வெற்றி செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. காரணம், வாக்குக்குப் பணம். இரண்டு மாதம் முடிவதற்குள் அதே தொகுதியில் மறுபடியும் தேர்தல். அதே கூட்டணி மறுபடியும் நிற்கிறது. முதல் முறை 597 வாக்கு வித்தியாசத்தில் தட்டுத் தடுமாறிக் கரையேறிய கூட்டணி, இரண்டாவது முறை 3,238 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. இது எங்கோ தூர தேசத்தில் நடந்ததல்ல. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், 2018-க்கும் 2019-க்கும் இடையில் நடந்தது.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன் பலருக்கு வாயில் வரும் சொல் ஒன்று உண்டு: "நம் ஜனங்களுக்கு அக்கறை கிடையாது." தொலைக்காட்சிக் கலந்துரையாடல்களில் அரசியல் முறைகேடு என்று தலைப்புக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் அக்கறை இல்லை என்பது உண்மைதானா? கேமரன் மலைக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

தீர்ப்பும் கணக்கும்

2018 மே 9 பொதுத்தேர்தலில் கேமரன் மலையில் தேசிய முன்னணி சார்பில் நின்றவர் ம.இ.கா.வின் சி.சிவராஜ். கட்சியின் இளைஞர் பகுதித் தலைவராக இருந்தவர். அவருக்கு 10,307 வாக்கு. ஜ.செ.க.வின் எம்.மனோகரனுக்கு 9,710. பாஸ் கட்சிக்கு 3,587, பி.எஸ்.எம். கட்சிக்கு 680. மத்தியில் ஆட்சி கவிழ்ந்த தேர்தல் அது; கேமரன் மலை பழைய பக்கமே நின்றது.

மனோகரன் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனார். பூர்வக்குடி கிராமங்களில் வாக்குக்காகப் பணம் கொடுக்கப்பட்டது என்பது அவருடைய மனு. 2018 நவம்பர் 30-ஆம் தேதி நீதிபதி அஸிஸா நவாவி அந்த வாதத்தை ஏற்று, தேர்தல் முடிவு செல்லாது என்று அறிவித்தார். சிவராஜ் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. 2019 ஜனவரி 26-ல் இடைத்தேர்தல். 2004-ல் இத்தொகுதி உருவான நாள் முதல் கையில் வைத்திருந்த ம.இ.கா. இந்த முறை விட்டுக்கொடுத்தது. தேசிய முன்னணி ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. அவர் பூர்வக்குடியைச் சேர்ந்தவர். 12,038 வாக்கு பெற்றார். மீண்டும் நின்ற மனோகரனுக்கு 8,800. இந்நாட்டு மக்களவைக்குத் தேர்தலில் வென்று போன முதல் பூர்வக்குடி உறுப்பினர் என்ற பெருமை ரம்லிக்குக் கிடைத்தது. அது நல்ல விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019-ல் பாஸ் போட்டியிடவில்லை, தேசிய முன்னணியை ஆதரித்தது. முந்தைய தேர்தலில் இந்த இரண்டு தரப்பும் வாங்கிய வாக்கைக் கூட்டினால் 13,894. இடைத்தேர்தலில் கிடைத்ததோ 12,038. அதாவது 1,856 குறைவு. எதிர்ப்பக்கம் ஜ.செ.க.வும் பி.எஸ்.எம்.மும் 2018-ல் வாங்கியது 10,390. இடைத்தேர்தலில் மனோகரனுக்கு 8,800. இங்கேயும் 1,590 குறைவு. வாக்களித்தோர் சுமார் 69 விழுக்காடு. இடைத்தேர்தல் என்றால் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வரமாட்டார்கள், கூட்டம் குறைவது வழக்கம்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 'பணம் கொடுத்தது நிரூபணமாகிவிட்டதே' என்று கோபப்பட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவிய கூட்டம் என்று ஒன்று இந்த எண்களில் தென்படவில்லை. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அந்த வழக்கில் பேசப்பட்டது பூர்வக்குடி கிராமங்களைப் பற்றி. தேயிலைத் தோட்டங்களைப் பற்றியல்ல. இத்தொகுதியில் பூர்வக்குடி வாக்காளர் சுமார் 22 விழுக்காடு, இந்தியர் சுமார் 15 விழுக்காடு. ஆனாலும் தோட்டத்துத் தமிழர்களைப் பற்றி இங்கே பேசக் காரணம் உண்டு. பதவி பறிபோனது அவர்கள் பெயரைச் சொல்லி அரசியல் செய்த கட்சிக்கு. பதினைந்து வருடமாக 'நம்ம தொகுதி' என்று சொல்லப்பட்ட தொகுதி கைமாறியது. அப்படியிருந்தும் லயத்தில் பெரிய கொந்தளிப்பு எதுவும் எழவில்லை. ஏன்?

கட்சி என்பது ஒரு கவுண்டர்

கேமரன் மலையில் தேயிலை வந்தது 1929-ல், ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கியபோது. 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. காடு வெட்டி, பாத்தி கட்டி, கொழுந்து பறிக்க வந்தவர்கள் தமிழர்கள். வீடு தோட்டத்துடையது, தண்ணீர்க் குழாய் தோட்டத்துடையது, கோயில் நிற்கும் நிலம் தோட்டத்துடையது, பள்ளிக்கூடம் இருக்கும் இடமும் பல வேளைகளில் தோட்டத்துடையதே. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு அரசாங்கத்தோடு என்ன வேலை இருக்கும்? மகனுக்குச் சிவப்பு அடையாள அட்டையை நீலமாக்க வேண்டும். மலிவுவிலை வீட்டுக்கு மனு போட வேண்டும். பிள்ளைக்குக் கல்லூரியில் இடமோ கடனுதவியோ வேண்டும். கோயில் கூரை ஒழுகுகிறது, மானியம் வேண்டும். இதில் எதற்கும் மாவட்ட அலுவலகத்துக்கு நேராகப் போய் மலாயில் பேசி, பாரம் நிரப்பி, திரும்பத் திரும்ப அலைய ஒரு நாள் சம்பளம் போதாது. ஆகவே கிளைத் தலைவரிடம் போவார்கள். 'அண்ணே, ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க' என்று கேட்பார்கள். அவர் தொகுதித் தலைவருக்குச் சொல்வார். அவர் ஒய்.பி.க்குச் சொல்வார். வேலை நடக்கும், அல்லது நடக்காது. நடந்தால் அது உரிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், உதவி என்றுதான் சொல்வார்கள்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கட்சிக் கிளை என்பது கொள்கைக்கான இடமாக இல்லை. அஞ்சல் நிலையத்தில் இருப்பது போன்ற ஒரு கவுண்டர். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா, அவருடைய மேலதிகாரி எங்கே கை வைத்தார் என்றெல்லாம் வரிசையில் நிற்பவர் கேட்பாரா? கவுண்டர் திறந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஊழலைப் பற்றிப் பேசி அந்த ஒரே கவுண்டரையும் மூடவைப்பானேன் என்று நினைப்பார். இதை அலட்சியம் என்று சொல்வது சரியில்லை. இருப்பதை இழக்காமல் பார்த்துக்கொள்ளும் கணக்கு அது.

பூர்வக்குடி கிராமத்திலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். அங்கே கிராமத் தலைவரான தோக் பாத்தினுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. அவர் வழியாகத்தான் ரோடும் மின்சாரமும் பேசப்படுகின்றன. அரசாங்கம் வேறு, ஆளும் கட்சி வேறு என்ற வித்தியாசம் காட்டுப் பாதையில் அங்கே போய்ச் சேருவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

மைக்கா சொல்லிக் கொடுத்த பாடம்

தோட்டத்து மக்கள் ஒரு காலத்தில் ஒரு முறைகேட்டைப் பற்றி மிகவும் அக்கறைப்பட்டார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் முகம் மாறும். மைக்கா ஹோல்டிங்ஸ்.

1980-களின் தொடக்கம். ம.இ.கா. தலைவர் சாமிவேலு காலத்தில், இந்தியர்களின் பொருளாதாரத்தை உயர்த்துவதற்கு என்று ஒரு நிறுவனம் ஆரம்பிக்கப்பட்டது. சீனர்களுக்கு நிறுவனம் இருக்கிறது, மலாய்க்காரர்களுக்கு அரசாங்க நிதி இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி அன்று எல்லோரையும் சுட்டது. சுமார் 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். சேர்ந்த பணம் 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தள்ளியவர்கள், கொழுந்து பறித்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். நகையை அடகு வைத்து, கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

1990-ல் தெலிகோம் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தபோது மைக்காவுக்கு ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. மைக்கா கைக்கு வந்தது பத்து லட்சம்தான். மீதி 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின. 1992-ல் இது வெளியே வந்தபோது நாடே பேசியது. சாமிவேலு தாம் எந்தத் தவறும் செய்யவில்லை என்றார். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. அவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. அவர் 2010 வரை கட்சித் தலைவராக இருந்தார். அதே 2010-ல்தான் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் நிறுவனம் மைக்காவை வாங்க முன்வந்தது. ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு. கால் நூற்றாண்டு காத்திருந்ததற்குக் கிடைத்தது அது. இதற்குள் பங்கு வாங்கியவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். பத்திரம் பெட்டிக்குள் இருந்தது.

இதிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி என்ன கற்றுக்கொண்டிருப்பார்? ஊழல் என்று கத்தினால் பத்திரிகை விற்கும். விசாரணை நடக்கும். கோஷ்டிகள் மோதும். கூட்டத்தில் நாற்காலி பறக்கும். போட்ட பணம் மட்டும் வராது. இந்தப் பாடத்தை யாரும் மேடை போட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடகுக் கடைச் சீட்டு சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு 'இன்னொரு முறைகேடு' என்று காதில் விழும்போது அவர் டீயை ஆற்றிக் குடிப்பதில் என்ன ஆச்சரியம்?

செய்தியும் கோஷ்டி வழியாகத்தான் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒரு தலைவர் இருந்தார் என்று வாசகர்கள் பேசிக்கொள்வார்கள். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் சாமிவேலு குடும்பத்தின் கையில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு பத்திரிகையில் வந்த ஊழல் செய்தி மற்றொன்றில் சதித் திட்டமாக வரும். இரண்டையும் வாங்கிப் படித்தவர் கடைசியில் எதையுமே நம்பாமல் ராசிபலனுக்கும் மரண அறிவித்தலுக்கும் திரும்பிவிடுவார். கேமரன் மலை இடைத்தேர்தல் முடிந்த ஒரு வாரத்துக்குள், 2019 பிப்ரவரி தொடக்கத்தில், தமிழ் நேசன் நின்றுபோனது. 94 வருடப் பத்திரிகை. அதற்கு யாரும் அரசியல் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை, நஷ்டம்தான் காரணம். ஆனாலும் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு சாளரம் அதோடு மூடியது.

நீதிமன்றச் செய்தியை விழுங்கிய வேறு செய்திகள்

தீர்ப்பு வந்த நாளைக் கவனிக்க வேண்டும். நவம்பர் 30. அதற்கு நான்கு நாள் முன்புதான் சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோயிலில் கலவரம் வெடித்தது. தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-ல் இறந்தார். இன்னொரு பக்கம் இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை என்று மகாதீர் அரசு பின்வாங்கியது. டிசம்பர் 8-ல் கோலாலம்பூரில் பெரும் பேரணி. நாட்டில் ஒவ்வொரு இனமும் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பயத்தோடு உட்கார்ந்திருந்த இரண்டு மாதம் அது. அந்த நேரத்தில் மலையில் யாருக்கு யார் எத்தனை வெள்ளி கொடுத்தார்கள் என்பது யார் கவலை? ஊழல் செய்தியை அமுக்க வேண்டுமானால் மறைக்கவே தேவையில்லை. பக்கத்தில் இனப் பிரச்சினை ஒன்று எரிந்தால் போதும்.

அந்த ஜனவரியில்தான் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 'மாலு அப்பா, போஸ்கு' என்ற கோஷம் பிறந்தது. 'என்ன வெட்கம், முதலாளி' என்று தோராயமாகச் சொல்லலாம். ஒன் எம்.டி.பி. விவகாரத்தில் 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொல்லியிருந்தது. நஜிப் மீது வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவரோ கேமரன் மலைக்குப் பிரச்சாரத்துக்கு வந்தார், ஜனங்கள் சூழ்ந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். (அவர் எஸ்.ஆர்.சி. வழக்கில் குற்றவாளி என்று 2020 ஜூலையில் தீர்ப்பாகி, 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனது பிற்பாடு நடந்தது.)

450 கோடி டாலர் என்பது ஒரு தொழிலாளியின் மனதில் எந்த இடத்திலும் உட்காராத எண். 2019 ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. அந்தச் சம்பளக்காரரிடம் மளிகைக் கடையில் ஐந்து வெள்ளி கூடுதலாக வாங்கினால் சண்டைக்குப் போவார். கோடிகளைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார். எண் பெரிதாகப் பெரிதாகக் கோபம் சின்னதாகிவிடுகிறது, இது மனித இயல்பு. பொருட்கள் விலை ஏறியிருக்கிறது, புது அரசாங்கம் வந்தும் இறங்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

வந்தவர்களும் அதே பாதையில்

புது அரசாங்கம் வித்தியாசமாக நடந்துகொண்டிருந்தால் கதை மாறியிருக்குமோ என்னவோ. நடந்தது வேறு. இடைத்தேர்தல் பிரச்சாரத்தின்போது பூர்வக்குடியைச் சேர்ந்த செனட்டர் பாப் மனோலான் பேசிய காணொளி ஒன்று வெளியானது. அவர் ஆளும் பக்காத்தான் ஹராப்பானைச் சேர்ந்தவர். அரசாங்கம் நியமித்த கிராமத் தலைவர்கள் ஆளும் கூட்டணியை ஆதரிக்காவிட்டால் அவர்களுடைய சம்பளத்துக்கு ஆபத்து என்கிற தோரணையில் பேசியிருந்தார். எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். வாக்குக்குப் பணம் கொடுத்தார்கள் என்று வழக்குப் போட்டு ஜெயித்த தரப்பின் மேடையிலிருந்தே வந்த பேச்சு அது.

ஒரு தரப்பு கொடுத்து வாங்குகிறது, மறு தரப்பு பறித்துவிடுவேன் என்கிறது. கேட்பவருக்கு இரண்டும் ஒரே கவுண்டரின் இரண்டு ஜன்னல்கள்தான். 'ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன' என்று தமிழில் தெரியாமலா சொல்லி வைத்தார்கள்? 2022 நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பிறகு இந்த இரண்டு கூட்டணிகளும் சேர்ந்தே மத்திய அரசை அமைத்தன. வழக்குப் போட்டவர்கள் கட்சியும் வழக்கில் தோற்றவர்கள் கட்சியும் ஒரே அணியில் வந்து நின்றன. அரசியலில் இது சகஜம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு முறைகேட்டுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு முகத்தை முறித்துக்கொண்ட தொண்டன் அன்று என்ன நினைத்திருப்பான்?

கேமரன் மலை மட்டுமா?

தமிழ்நாட்டிலும் இதே படம் ஓடியிருக்கிறது. சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் பணம் தாராளமாகப் புரண்டதால் 2017 ஏப்ரலில் தேர்தல் ஆணையம் அதை ரத்து செய்தது. டி.டி.வி.தினகரன் தரப்பு மீதுதான் அப்போது புகார் அதிகம். டிசம்பரில் தேர்தல் நடந்தபோது அவரே சுயேச்சையாக நின்று 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல், தி.மு.க. தரப்பினருடன் தொடர்புடைய இடங்களில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டதால் ரத்தானது. ஆகஸ்டில் நடந்த தேர்தலில் ஜெயித்தது தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த், 8,141 வாக்கு வித்தியாசத்தில். தேர்தலை ரத்து செய்வது அதிகாரிகளுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான விவகாரம் என்றுதான் வாக்காளர் பார்க்கிறார். தம்மைப் பார்த்து யாரோ கேட்ட கேள்வியாக அதை அவர் எடுத்துக்கொள்வதில்லை.

இலங்கை மலையகம் இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் தமிழர்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்பது தொழிற்சங்கமாகவும் கட்சியாகவும் ஒரே நேரத்தில் இயங்கியது. தலைவர் அமைச்சரவையிலும் இருப்பார். சம்பளம் கேட்டு முதலாளியோடு பேசுபவரும், அரசாங்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே ஆள். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை பல தேர்தல்களில் பேசப்பட்டு, 2021-ல்தான் அரசிதழில் ஏறியது. அங்கும் ஜனங்கள் குறை சொல்லிக்கொண்டே வாக்களித்தார்கள். சங்கச் சந்தாவை நிறுத்தினால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யார் வருவார்கள் என்ற பயம்.

கோபம் வரவே வராதா?

வரும். வந்திருக்கிறது. 2007 நவம்பர் 25-ல் இண்ட்ராப் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் வீதிக்கு வந்தவர்களில் தோட்டத்து வாரிசுகள் எத்தனை பேர்! கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பார்த்தார்கள். அடுத்த மார்ச்சில் நடந்த தேர்தலில், 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த சாமிவேலு தோற்றார். தோற்கடித்தவர் பி.எஸ்.எம். கட்சியின் டாக்டர் ஜெயக்குமார். அந்தக் கோபத்துக்குத் தீ மூட்டியது தெலிகோம் பங்கா? இல்லை. கோயில் உடைப்பும், பிள்ளைகளுக்கு வாய்ப்பு இல்லாத நிலையும், மதிக்கப்படவில்லை என்ற வலியும். முறைகேட்டின் கணக்குப் புத்தகம் யாரையும் வீதிக்கு இழுக்கவில்லை. அந்த முறைகேட்டால் தங்கள் வாசலில் என்ன இல்லாமல் போயிற்று என்பது புரிந்தபோது வந்தார்கள். ஜெயக்குமாரும் அவர் தோழர்களும் அந்தத் தோட்டங்களில் பல வருடம் வீடு, சம்பளம், வெளியேற்றம் என்று மக்களோடு நின்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு கவுண்டர் இருக்கிறது என்று தெரிந்ததால்தான் பழைய கவுண்டரைக் கேள்வி கேட்கத் துணிச்சல் வந்தது.

கேமரன் மலையிலும் 2013-ல் ம.இ.கா. தலைவர் பழனிவேல் ஜெயித்தது வெறும் 462 வாக்கில். அந்த மலை தூங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு தேர்தலில் நூல் இழையில் தொங்கிய தொகுதி அது.

ஊழல் செய்தியும் வாசலும் எப்படி இணைகின்றன என்பதற்கு இடைத்தேர்தல் முடிந்த சில வாரத்திலேயே ஒரு உதாரணம் வந்தது. குவாலா தெர்லாவில் அரசு நிலத்தில் காய்கறி பயிரிட்டு வந்தவர்களின் தோட்டங்களை மாநில அரசு அகற்றியது. அவர்களில் பலர் இந்தியர்கள், நீண்ட காலமாக அங்கே மண்ணைக் கொத்தியவர்கள். ஆற்று நீர் கெடுகிறது, குடிநீர்ப் பிடிப்புப் பகுதி என்றது மாநில அரசு. இது பொய்யான கவலையும் அல்ல. 2013-லும் 2014-லும் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் உயிர்களைக் கொண்டுபோனதை மலைவாசிகள் மறக்கவில்லை. கண்டபடி காடழித்ததுதான் அதற்குக் காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. ஆனால் மாற்று நிலம் எங்கே என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. மத்திய அமைச்சர் சேவியர் ஜெயக்குமார் ஆட்சேபித்தார். நிலம் மாநில அதிகாரம் என்று மாநிலம் நின்றது. மத்தியில் ஒரு கூட்டணி, மாநிலத்தில் இன்னொன்று. விவசாயி நடுவில்.

கேமரன் மலையில் அந்தக் காலத்தில் பெரும்பாலான காய்கறி நிலம் தற்காலிக அனுமதியில்தான் பயிரானது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிப்பவர் கையில் பேனா இருக்கும்வரை, அவருடைய கட்சியின் முறைகேட்டைப் பற்றி உரக்கப் பேச எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மௌனத்தின் வேர் இந்த அனுமதிக் காகிதத்தில் இருக்கிறது, தோட்ட வீட்டுச் சாவியில் இருக்கிறது, சிவப்பு அட்டையில் இருக்கிறது. அதைத் தொடாமல் 'விழிப்புணர்வு வேண்டும்' என்று மைக்கில் பேசுவதில் பலன் குறைவு.

வழக்குப் போடுவது யார்?

கடைசியாகச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை, ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டப்படி வாக்குக்குப் பணம் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி. விருந்து வைத்து வாக்கைக் கவர்வதும், மிரட்டி வாக்கு வாங்குவதும் குற்றம்தான். வேட்பாளர் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. அவருக்குத் தெரிந்து நடந்தாலோ, அவருடைய முகவர் செய்தாலோ தேர்தலே ரத்தாகலாம். வேட்பாளர் செலவுக்கு நாடாளுமன்றத் தொகுதியில் 2 லட்சம் வெள்ளி என்ற வரம்பு உண்டு. ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு 2018-லும் 2019-லும் வரம்பு இருக்கவில்லை. பந்தலும் சாப்பாடும் எந்தக் கணக்கில் போகின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

தேர்தல் முடிவை எதிர்த்து மனுப் போடும் உரிமை தோற்ற வேட்பாளருக்கு மட்டும் இல்லை. அத்தொகுதியில் வாக்குரிமை உள்ள எவரும் போடலாம். ஆனால் முடிவு அரசிதழில் வெளியாகி 21 நாளுக்குள் போட வேண்டும், 10,000 வெள்ளி பிணைத்தொகை கட்ட வேண்டும், வழக்கறிஞர் வைக்க வேண்டும். 2018-ல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. கொழுந்து பறிப்பவர் ஒருவர் சாப்பிடாமல் பத்து மாதம் சேர்த்தால் பிணைத்தொகை வரும். அதனால்தான் இத்தகைய வழக்குகள் எப்போதும் கட்சிகளுக்கு இடையிலான வழக்காகவே இருக்கின்றன. மக்கள் அதைப் பார்வையாளராக இருந்து பார்க்கிறார்கள்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ஊழல் தடுப்பு ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கலாம். 2010-ல் வந்த தகவல் கொடுப்போர் பாதுகாப்புச் சட்டம், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் தரப்பிடம் முறையாகச் சொல்பவரின் பெயரை வெளியிடாமல் காக்கிறது. முதலில் பத்திரிகையிடமோ கட்சிக்காரரிடமோ போய்ச் சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போய்விடும். தேதி, இடம், என்ன கொடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கிளைத் தலைவரின் கடிதம் இதற்குத் தேவையில்லை.